ரத்தம் ஊறும் சாப்பாடு

எனக்கு ரத்தம் பத்தவில்லை என்பதை முதலில் சொன்னது ஒரு தமிழ் மிஸ்ஸி. ஆஸ்பத்திரித் தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டு, நேர்முகத் தேர்விலும் தேறி, கடைசியாக மருத்துவச் சோதனைக்கு வந்து நின்றிருந்தேன். டாக்டர் என் தாளில் ஏதோ கிறுக்கிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். மிஸ்ஸிதான் என்னை ஓரமாக நிறுத்தி, கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

“சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு தங்கச்சி. மூணு மாசம் கழிச்சி திரும்பக் கூப்பிடுவாங்க. அப்பவும் ரத்தம் பத்தலன்னா எடுக்க மாட்டாங்க. நல்லா சாப்பிடு.”

நல்லா சாப்பிடு. சொல்வதற்கு எவ்வளவு லேசாக இருக்கிறது! அதைச் சொல்கிறவர்கள் எல்லாரையும் என் அறைக்குக் கூட்டிப் போய், ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்த ஒற்றைச் சட்டியைக் காட்ட வேண்டும் போல் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் தட்டச்சும் கணக்கும் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி என்று பெயர்தான். கீழே மாவு மில், மாடியில் நாங்கள். மிளகாய் அரைக்கும் நாளில் வகுப்பு முழுக்கத் தும்மிக்கொண்டே தட்டச்சு செய்வோம். பள்ளி முடித்தவள் சும்மா இருக்கக் கூடாதே என்று சேர்ந்த படிப்பு அது. என் கண் முழுக்கத் தாதிப் பயிற்சியில்தான் இருந்தது. அதில் சேர்ந்துவிட்டால் தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு, பிறகு காலத்துக்கும் அரசாங்க வேலை. சேராவிட்டால் மேரு பக்கத்தில் இருந்த எண்ணெய்க்கு வளர்க்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குத் திரும்பி, அம்மாவோடு குனிந்து உதிரிப் பழம் பொறுக்க வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவில் வேறு பாதை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு இது என்னுடையதைவிடப் பெரிய ஆசை. தம்பியைப் பெறக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வலியில் கத்தியவளை எல்லாரும் அதட்டினார்களாம். ஒரு மிஸ்ஸி மட்டும் கடைசி வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அந்தக் கையும், கஞ்சி போட்ட அந்த வெள்ளை உடுப்பும் அம்மா மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டன. நான் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் நடந்து வர வேண்டும், அதைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் பெண்டாட்டி பார்க்க வேண்டும். அம்மா கேட்டது அவ்வளவுதான். எங்கள் தோட்டத்தில் இருந்து அதுவரை யாரும் மிஸ்ஸி ஆனதில்லை.

நான் தங்கியிருந்தது ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ஒரு மர வீட்டின் பின்னறையில். வீட்டுக்காரம்மா யாழ்ப்பாணத்து வழி வந்த விதவை. கணவர் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து காலமானவர். நாங்கள் அவரை ஆன்டி என்போம். சுத்த சைவம். அறையைக் காட்டிய அன்றே சட்டத்தையும் சொல்லிவிட்டார்.

“பிள்ளை, வெளியில நீங்கள் என்னவும் சாப்பிடுங்கோ, நான் கேக்கமாட்டன். இந்த வீட்டுக்குள்ள மச்சம் வரக்கூடாது.”

மச்சம் என்றால் மீன், இறைச்சி எல்லாம். நாங்கள் தோட்டத்தில் கவிச்சி என்போம். பெயர் எதுவானாலும் ஆன்டியின் மூக்குக்குத் தப்பாது. என்னோடு அறையில் இருந்தவள் செமினித் தோட்டத்துப் பெண். நான் அவளைச் செமினிக்காரி என்றே கூப்பிடுவேன், அவள் என்னை மேருக்காரி என்பாள். ஒருமுறை அவள் மின்சாரக் கெண்டியில் ரகசியமாக முட்டை அவித்தாள். ஆன்டி கதவைத் தட்டவில்லை, திட்டவில்லை. கூடத்தில் சாம்பிராணி போட்டார். வீடு முழுக்கப் புகை. அதற்குப் பிறகு எங்களுக்கு முட்டை அவிக்கும் தைரியம் வரவில்லை.

அப்பா மாதாமாதம் கொடுத்து அனுப்பியது வாடகைக்கும் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் போக, சாப்பாட்டுக்கு மிஞ்சியது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். காலையில் ஒரு பொட்டலம் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு. அதில் முட்டை என்று ஒரு கீற்று இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். மதியம் ரொட்டியும் தேத்தண்ணியும். மாலையில் சோறு, ஏதாவது ஒரு காய். இரண்டு நேரம் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது நேரத்தைத் தேத்தண்ணியால் சமாளிப்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பிறவிக் கலை. பால் இல்லாமல், கறுக்கக் கறுக்க, சீனி தூக்கலாக. வயிறு அரை மணி நேரம் வாயை மூடிக்கொள்ளும்.

பள்ளியில் படித்த மனையியல் பாடநூலில் சரிவிகித உணவு என்று ஒரு படம் இருந்தது. ஆப்பிள், திராட்சை, ஒரு குவளைப் பால், வறுத்த முழுக் கோழி. அந்தப் படத்தை வரைந்தவர் எந்த ஊரில் குடியிருந்தார் என்று தெரியவில்லை. எனக்கு அது சாமி படம் மாதிரி, கும்பிடலாம், தின்ன முடியாது.

அரசாங்க கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டியது. அதனால் சாப்பிட்ட கையோடு போட்டேன். எங்கள் லயத்தில் எந்த மாத்திரையையும் தேத்தண்ணியோடுதான் விழுங்குவார்கள். நானும் அப்படித்தான் விழுங்கினேன். இதில் ஒரு தப்பு இருக்கிறது என்று அன்றைக்கு என்னிடம் சொல்ல யாரும் இல்லை.

பிறகு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறும் என்பது நம்மவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. பீட்ரூட் தின்னு என்றார்கள், தின்றேன். சிவப்புத் தண்டுக்கீரை என்றார்கள், அதையும் தின்றேன். மாதுளை என்றார்கள், விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். நோன்பு மாதம் முடிந்து மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் பேரீச்சம்பழத்தை விலை இறக்கி விற்றார்கள், ஒரு பை வாங்கி வந்து எறும்புக்கும் பங்கு கொடுத்தேன். சிவப்புதான் ரத்தம் என்றால் ரோஸ் சிரப் ஊற்றிய பண்டோங் தண்ணி குடித்தே நான் பாஸ் பண்ணிவிடுவேனே என்று செமினிக்காரியிடம் எரிந்து விழுந்தேன். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

என்னைக் கெராங் கடைக்கு இழுத்துப் போனவள் அவள்தான். கெராங் என்பது சேற்றில் கிடைக்கும் சின்னச் சிப்பி. ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் சாயங்காலம் ஒரு சீனர் தள்ளுவண்டி போடுவார். கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, தட்டில் கொட்டி, மிளகாய்ச் சாந்தும் எலுமிச்சையும் வைத்துக் கொடுப்பார். குள்ள முக்காலியில் உட்கார்ந்து நகத்தால் ஓட்டைப் பிளந்தால் உள்ளே நிஜமாகவே ரத்தம் மாதிரி சாறு நிற்கும். அந்தக் காலத்தில் அதைவிட மலிவாக வயிற்றுக்குப் போடக்கூடிய உயிர் கோலாலம்பூரில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. முதல் தட்டை மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றேன். மூன்றாம் நாள் மூக்கை விட்டுவிட்டேன்.

அதன் பிறகு மாலைச் சோற்றுக் காசில் பாதி கெராங்குக்குப் போனது. வீட்டுக்குத் திரும்பும்போது வாசல் குழாயில் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவுவோம். ஆன்டி கதவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார், வழி விடுவார். வெளியில் தின்பது அவருடைய சட்டத்துக்குள் அடங்கியதுதானே.

சில வாரங்களில் படி ஏறும்போது நிற்காமல் மாடிக்கு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் நிற்கவில்லை என்பதே உறைத்தது. செமினிக்காரி என்னை விடவில்லை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா விரலில் குத்திப் பார்த்துவிட்டு, ஏறியிருக்கிறது, நன்றாகவே ஏறியிருக்கிறது, செய்வதை நிறுத்தாமல் செய் என்றார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். கெராங் என்றேன். சிரித்துவிட்டு, நன்றாக வெந்ததா பார்த்துத் தின்னு, ஈரலும் கிடைத்தால் விடாதே என்றார். அந்த உடுப்பு என் தோளில் ஏறிவிட்டது போலவே இருந்தது. இதை அம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று அந்த வாரக் கடைசியில் கிள்ளான் பஸ் ஏறினேன். கிள்ளானில் மேரு பஸ் பிடித்து, முச்சந்தியில் இறங்கி, செம்மண் சாலையில் நடந்தேன். மூச்சு வாங்கவில்லை.

அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி. வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். பண்டாரம் என் கையிலும் ஒரு காப்பைக் கட்டி முடிச்சுப் போட்டார். என்ன ஏது என்று கேட்டபோதுதான் முகம் முழுக்கச் சிரிப்போடு சொன்னாள்.

“ரெண்டு பேரும் கவிச்சி தொட மாட்டோம்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். நீ மிஸ்ஸி உடுப்பு போடற வரைக்கும்.”

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம் ஏறியதே கெராங்கால்தான் என்றேன். டாக்டரம்மா ஈரல் தின்னச் சொன்னதைச் சொன்னேன். மிஸ்ஸி உடுப்பு வேண்டும் என்றால் நான் கவிச்சி தின்றே ஆக வேண்டும், நீ இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாயே என்று கத்தினேன். அம்மா அடுப்பில் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

“ஆத்தா குடுக்காத ரத்தத்தையா சிப்பி குடுக்கப் போவுது?” என்றாள்.

அம்மா முட்டாள் இல்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். காசு கொடுக்க முடியாத, ஈரலும் பாலும் வாங்கி அனுப்ப முடியாத ஒருத்திக்குக் கொடுக்க வேறு என்ன இருந்தது? தன் வாயைக் கட்டுவது ஒன்றுதான். அவளுக்கு மீன் என்றால் உயிர். செவ்வாய்க்கிழமை மீன்கார லோரி தோட்டத்துக்குள் வரும்போது எல்லாருக்கும் முன்னால் தட்டோடு நிற்பவள் அவள். அதைத்தான் எனக்காகத் தூக்கிக் கொடுத்தாள். அப்பா சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது காப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குச் சாமி மேல் அப்படி ஒன்றும் பெரிய பயம் கிடையாது. பயம் அம்மா மேல்தான். நான் மறைத்துத் தின்று, பாஸ் பண்ணிவிட்டால் சரி. தின்றும் பாஸ் பண்ணாமல் போனால், இல்லை அந்த மூன்று மாதத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்கூட, அதை நான் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். நேர்ந்துகொண்டவள் நான் இல்லை, முறித்தவள் மட்டும் நானாக இருப்பேன். இந்தக் கணக்கைப் போடாத தமிழ்ப் பெண் உண்டா என்று தெரியவில்லை. மூன்று மாதத்தில் பாதி அப்போதுதான் முடிந்திருந்தது.

செமினிக்காரி என் காப்பைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள்.

“ஓட்டுக்குள்ள இருக்கறது எல்லாம் கச்சான் கடலை மாதிரிதான்லா. கெராங் ஒரு வகை கச்சான்னு ஆத்தாகிட்ட சொல்லிக்கலாம்.”

சிரித்தேன். ஆனால் வண்டிக்குப் போகவில்லை. அவளும் அதன் பிறகு என் எதிரில் கெராங் பேச்சையே எடுக்கவில்லை.

ஆன்டிக்குத்தான் ஏக சந்தோஷம். காப்பைப் பார்த்ததில் இருந்து என்னிடம் அவர் பேச்சே மாறிவிட்டது. அதுவரை பின்வாசலோடு சரி. இப்போது குசினிக்குள் அடுப்படி வரை கூப்பிட்டு உட்கார வைத்தார். முருங்கையிலையைத் தேங்காய்ப்பூ போட்டு வறுத்துத் தருவார். வறை என்பார் அதை. நல்ல ருசி. தோட்டத்துப் பிள்ளைக்கும் இப்படி ஒரு ஒழுக்கம் இருக்கிறதே என்று ஒருநாள் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாராட்டுகிறாரா, இடிக்கிறாரா என்று புரியாமல் வறையை மென்றுகொண்டிருந்தேன். நல்ல மனுஷிதான். மரியாதை கிடைத்தது, ரத்தம்தான் கிடைக்கவில்லை.

நான் சும்மாவும் இருக்கவில்லை. சைவத்திலேயே முட்டி மோதிப் பார்த்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் வேலியோரம் முருங்கை மரங்கள் காடாக நின்றன. கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். தினமும் ஒரு பிடி உருவி வந்தேன். இரவில் கீரை தின்னக் கூடாது என்பார்கள், நான் இரவிலும் தின்றேன். பாசிப்பயற்றை ஈரத்துணியில் கட்டி முளைக்க வைத்தேன். பாசாரில் கடை கட்டும் நேரத்துக்குப் போய், சீனத்துக் காய்க்காரியிடம் வாடிய கீரையை ஒரு கூடையாக வாங்கி வந்தேன். கடலை, எள்ளுருண்டை, கறிவேப்பிலைத் துவையல். தட்டைப் பார்த்தால் பச்சைப் பசேல் என்று இருக்கும். சாப்பிட்டு முடித்தும் வயிறு காலியாக இருக்கிற மாதிரியே இருக்கும். அதற்குத் தேத்தண்ணி. முன்பு ஒரு கோப்பை குடித்தவள் இப்போது ஒரு சொம்பு குடித்தேன். மாத்திரையும் அதோடுதான்.

கடைசி வாரம் படியில் மறுபடியும் நின்றேன். நின்ற இடம்கூடப் பழைய இடம்தான். கீழே மில்லில் மல்லி அரைத்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஆத்தா, ஆத்தா என்று சொல்லிக்கொண்டே மீதிப் படியை ஏறினேன்.

சோதனை நாளில் செமினிக்காரி கூட வந்தாள். இந்த முறை வேறு மிஸ்ஸி, மலாய்க்காரப் பெண். ஊசி குத்தும்போது காப்பை மேலே தள்ளிவிட்டாள். முடிவு தெரிய மதியம் வரை உட்கார வைத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார், பழைய தாளோடு வைத்துப் பார்த்தார். முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் போதாது என்றார். வார்டில் நாள் முழுக்க நிற்கிற வேலை, நீ மயங்கி விழுந்தால் உன்னை யார் தூக்குவது என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் அவரையாவது வெறுத்திருப்பேன். அடுத்த ஆண்டு மறுபடியும் எழுதிப் போடலாம் என்று தாளை மூடினார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். செமினிக்காரி என் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம்தான் குறைவு என்பதுதான் என்னைக் கொன்றது. இன்னும் நாலு தட்டு கெராங். இன்னும் நாலே தட்டு. அந்த நிமிஷம் அம்மாவை எவ்வளவு வெறுத்தேன் என்று எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அம்மா அழவில்லை. ஆத்தா சோதிக்கிறாள் என்றாள். அப்புறம் என் கையை எடுத்து மடியில் வைத்து, அரிவாள்மணையில் காப்பை அறுத்தாள். நீ வளர்கிற பிள்ளை, நீ சாப்பிடு, உன் பங்கு விரதத்தையும் நானே இருந்துகொள்கிறேன் என்றாள். தன்னுடைய காப்பை அவள் அறுக்கவில்லை.

அடுத்த ஆண்டு எழுதிப் போட்டேன். நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. அதே ஆண்டு அப்பா செம்பனைக் குலை வெட்டும்போது இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார். தட்டச்சுப் படிப்பைப் பாதியில் விட்டு, மேருவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். நாள் முழுக்க நிற்கிற வேலைதான். நான் ஒரு நாளும் மயங்கி விழவில்லை. அங்கே கேண்டீனில் மீன், கோழி, முட்டை எல்லாம் கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே என் ரத்தம் நன்றாகத்தான் இருந்தது. அது எனக்கு எதற்கும் பயன்படவில்லை.

அம்மாவின் காப்புக் கயிறு இற்று விழுந்தது. ஆனால் நேர்த்தி விழவில்லை. செவ்வாய்க்கிழமை மீன் லோரி வரும்போது அம்மா தட்டோடு போவாள், எங்களுக்கு வாங்கி வருவாள், கழுவுவாள், குழம்பு வைப்பாள். தீபாவளிக்கு ஆட்டிறைச்சி சமைப்பாள். உப்பு பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடுவாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு குழம்பை வாங்கி நான் நக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். சரியாக இருக்கிறது என்றால் தலையாட்டிக்கொண்டு மூடியைப் போடுவாள். அவள் வாயில் அந்த ருசி எப்படி ஊறியிருக்கும் என்று நினைத்து நினைத்து, எனக்கு அந்தக் குழம்பு என்றைக்குமே சரியாக இறங்கியதில்லை. விட்டுவிடு அம்மா, எப்போதோ முடிந்துபோன கதை என்று எத்தனையோ தடவை சொன்னேன். ஆத்தாவிடம் சொன்ன சொல் என்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாள். கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என் தம்பியைப் பெற்ற அதே ஆஸ்பத்திரி. வயிற்றுக்குள் புண், ரத்தம் கசிந்திருக்கிறது, உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள், என் தம்பியைவிடச் சின்னவளான ஒரு தமிழ் மிஸ்ஸி வந்து அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“அக்கா, ஈரல், மீன், முட்டை எல்லாம் நல்லா கொடுங்க. கீரையும் கொடுங்க. ஆனா சாப்பிட்ட ஒடனே தேத்தண்ணி மட்டும் கொடுக்காதீங்க. மாத்திரையையும் தேத்தண்ணியில போடக்கூடாது. சத்து உடம்புல ஒட்டாம போயிடும்.”

நான் சிரித்துவிட்டேன். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். எத்தனை பிடி முருங்கை உருவினேன், எத்தனை சொம்பு தேத்தண்ணியை அதன் தலையில் ஊற்றினேன் என்பதை எல்லாம் அந்தச் சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது. சரி மிஸ்ஸி என்றேன்.

அவள் போன பிறகு அம்மாவிடம் கெஞ்சினேன். ஈரல் வறுத்துக் கொண்டுவருகிறேன், ஒரே ஒரு துண்டு, மருந்து என்று நினைத்துத் தின்றுவிடு என்றேன். ஆத்தா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றேன். அம்மா வார்டின் மறுகோடியில் கட்டில் விரிப்பை உதறிக்கொண்டிருந்த அந்த மிஸ்ஸியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, வெள்ளைக் காலணி, நெஞ்சில் குத்திய கடிகாரம். பார்த்துக்கொண்டே, கோபம் இல்லாமல், மிச்சம் இருக்கிற ஒரு சின்ன வேலையை ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள்.

“நீ போடு. நான் சாப்பிடறேன்.”

எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அந்த உடுப்புக்கு விண்ணப்பம் போடுகிற வயது எப்போதோ போய்விட்டது என்பது அவளுக்குத் தெரியாதா, தெரிந்தும்தான் சொன்னாளா, நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

வீட்டில் இருந்து கொண்டுவந்த முருங்கைக்கீரையைச் சோற்றில் பிசைந்து ஊட்டினேன். பாதி சாப்பிட்டாள். போதும் என்று கையால் தடுத்துவிட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணி இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. கொடுக்கக் கூடாது என்று தெரியும். அவள் ஆசையாகக் கேட்டு வாயில் வைக்கிற சாமான் உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

ஊற்றிக் கொடுத்தேன்.